முதுகில் வந்த கப்பல்கள்

ஹபீபா பீவிக்குக் கோபம் வந்தால் தையல் மிஷின் வேகமாக ஓடும். 1931-ஆம் வருஷ முஹர்ரத்துக்கு முந்தைய வாரம் முழுக்க அது பினாங்கின் ஜெலுத்தோங் சந்துக்கே கேட்க ஓடியது.

அவள் கணவர் சீனி முகம்மது, ஷேக் அலாவுதீன் முதலாளியின் சரக்குக் கிட்டங்கியில் மாவு மூட்டை தூக்கியவர். கப்பல் வரத்துக் குறைந்துபோச்சு என்று சொல்லி, இருபது பேரில் பன்னிரண்டு பேரை முதலாளி நிறுத்திவிட்டார். அவர்களைக் குடும்பத்தோடு கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு, ஊருக்கு, அனுப்பவும் ஏற்பாடு நடந்தது. ஹபீபாவுக்கு எது ஊர்? பிறந்தது, வாழ்க்கைப்பட்டது, இரண்டு பிள்ளை பெற்றது எல்லாம் ஜெலுத்தோங்கில்தான்.

முஹர்ரத்தில் போரியா ஆடுவது பினாங்கு வழக்கம். ஆண்கள் ஒரே மாதிரி உடுத்து, வீடு வீடாகப் போய், மலாய்ப் பாட்டில் வீட்டுக்காரரைப் புகழ்ந்து ஆடுவார்கள். கிட்டங்கிக் குழுவுக்குப் பாட்டுக் கட்டுகிறவர் சீனி முகம்மது. இந்த முறை முதலாளி வீட்டு வாசலில் புகழ்ச்சியோடு ஒரு கோரிக்கையையும் பாடுவதென்று முடிவு: இருக்கிற வேலையை இருபது பேரும் முறை வைத்துச் செய்கிறோம், யாரையும் அனுப்பாதீர்கள். வேலை போகாத எட்டுப் பேரும் ஆட வந்தார்கள். அதுதான் பெரிய விஷயம்.

ஆட்டச் சட்டைக்குப் பட்டுத் துணி வாங்க வழியில்லை. முதலாளியின் மனைவி ஆசியா பீவி, தனக்குத் துணி தைக்கும் ஹபீபாவிடம் பழைய மாவுப் பைகளைக் கட்டாகக் கொடுத்திருந்தார். வெள்ளைப் பருத்திப் பை. ஒவ்வொன்றிலும் நீல மையில் முதலாளியின் கப்பல் சாப்பு, அவர் வியாபார முத்திரை. சாம்பல் போட்டு வேகவைத்தும் போகவில்லை.

"உள்பக்கமா வச்சுத் தைச்சிட்டேன். யாரு கண்ணுக்குத் தெரியப்போவுது?" என்றாள் ஹபீபா.

"தெரிஞ்சா முதலாளி திருட்டுப் பைன்னுடுவாரு, புள்ள," என்றார் சீனி முகம்மது.

"ஆசியா லாத்தா குடுத்தது. பாட்டைப் பாருங்க, சட்டையை நான் பாத்துக்குறேன்."

அவள் மறந்தது வெயிலை. முதலாளி வீடு அன்று மூன்றாவது வீடு. அதற்குள் இருபது பேரும் வேர்வையில் நனைந்திருந்தார்கள். எல்லாரும் குனிந்து சலாம் வைத்துத் திரும்பியபோது, மூங்கில் தட்டிக்குப் பின்னால் பெண்களோடு நின்ற ஹபீபா அதைக் கண்டாள். ஈரத் துணி முதுகில் ஒட்ட, மை வெளியே தெரிந்தது. இருபது முதுகிலும் முதலாளியின் கப்பல். அவர்கள் அசைய, அதுவும் அசைந்தது.

தெருவில் கூட்டம் சிரித்தது. முதலாளியின் முகம் கறுத்தது. "என் சாப்பு எப்படிடா உங்க முதுகுக்கு வந்துச்சு?"

மேளம் நின்றது. எல்லாம் போச்சு, நானே கெடுத்தேன் என்று ஹபீபா கண்ணை மூடிக்கொண்டாள்.

சீனி முகம்மது கட்டி வைத்திருந்த பாட்டை விட்டுவிட்டார். அந்த இடத்திலேயே ஒரு வரி எடுத்தார்: துறையில் கப்பல் இல்லை என்றீர்கள் முதலாளி, எண்ணிப் பாருங்கள், இருபது கப்பல் உங்கள் வாசலில், இறக்கிவிட ஆள் வேண்டாமா?

பின்வரிசை அதைத் திருப்பிப் பாடியது. அதற்கு முதல் சிரிப்பு தட்டிக்குப் பின்னாலிருந்து வந்தது. ஆசியா பீவி.

"பை நான் குடுத்தது," என்றார் சத்தமாக. "அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. நல்லாத்தான் தைச்சிருக்கா, வேர்வைதான் காட்டிக்குடுத்துடுச்சு."

முதலாளி சிரிப்பை அடக்க உதட்டை இறுக்கிப் பார்த்தார், முடியவில்லை. "பாட்டை முடிடா," என்றார். கோரிக்கை வரும்வரை நின்று கேட்டார். வாரம் பத்துப் பேர் என்று முறை வைத்தார். கப்பல் ஏற்றும் பேச்சு நின்றது.

வேலையில்லாத வாரம் கஞ்சிதான். ஆனால் அதை ஜெலுத்தோங்கில் குடித்தார்கள். அந்த வரி மற்றக் குழுக்களின் வாயிலும் ஏறியது. அக்கரையில் பிறை என்ற ஊரில் ஆட்குறைப்புக்குப் பயந்து நின்றவர்கள்கூடப் பாடியதாகக் கேள்வி. அங்கே என்ன நடந்ததென்று தெரியவில்லை.

ஹபீபா ஆசியா பீவியிடம் நன்றி சொல்லப் போனாள். அரைகுறையாய்க் கிடந்த அவர் ரவிக்கையை எடுத்து அங்கேயே உட்கார்ந்து முடித்துக் கொடுத்தாள்.

பிறகு இருபது சட்டையையும் பிரித்து மறுபடி தைத்தாள். திங்கட்கிழமை அந்த முதல் பத்துப் பேர் கிட்டங்கிக்குப் போனபோது கப்பல் வெளிப்பக்கம் இருந்தது.