ஜிபூத்தியில் என் வாய் பட்ட பாடு

பத்துக் குரலில் பேசுவது என் தொழில். சம்பளம் பெரும்பாலும் முதுகில்தான் கிடைக்கும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத சகோதரர்களே, உங்களுக்குப் புரியும். போன கோடை விடுமுறையில் இந்தத் தொழிலை புதுச்சேரி நெல்லித்தோப்பிலிருந்து ஆப்பிரிக்காவுக்கே கொண்டுபோனேன்.

சிங்கம் எங்கே?

ஜிபூத்தி துறைமுக ஆபீசில் என் மாமா குமாஸ்தா. நம் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய பிறகும் அவர் பிரெஞ்சு உத்தியோகத்தை விடவில்லை. "ஒரு மாசம் சுத்திப் பாரு, அக்கா கல்யாணத்துக்குச் சேர்ந்தே திரும்பிடலாம்" என்று அழைத்திருந்தார். சிங்கம் பார்க்கும் ஆசையில் கப்பலை விட்டு இறங்கினால், வெள்ளைச் சுவர், வளைவு வாசல், மரச் சன்னல்! கப்பல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் புதுச்சேரிக்கே திரும்பிவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. வெயில் மட்டும் இரண்டு பங்கு. நானோ கம்பளிக் கோட்டில் இருந்தேன். வெளிநாடு என்றால் குளிரும் என்று நானாக முடிவு செய்து தைத்த கோட்டு.

"சிங்கம் எங்கே மாமா?" என்றேன்.

"சிங்கத்த விடுடா. என் லீவுல பெரிய முசே, அதான் எங்க ஆபீஸ் வெள்ளைக்கார தொரை, இன்னும் கையெழுத்துப் போடல. அவரு காதுல உன் குரல் வித்தை விழுந்துதுன்னா, தாய்மாமன் இல்லாமத்தான் உங்க அக்காவுக்குத் தாலி ஏறும், ஆமா!"

பழக்காரம்மா

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் மாமாவோடு போன சந்தையில் ஒரு சோமாலி அம்மாள் ஆரஞ்சுப் பழத்தைக் கூவி விற்றாள். அதே ராகத்தில் நானும் கூவினேன். அவள் இடுப்பில் கை வைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, இல்லாத கோட்டின் பொத்தானைப் போட்டாள், இல்லாத வியர்வையைத் துடைத்தாள், நான் கூவியதை அப்படியே கூவினாள், நடுவில் என் குரல் உடைந்து கீச்சிட்டது உட்பட. சந்தையே சிரித்தது. அவள் என் மாமாவிடம் ஏதோ சொன்னாள். அவர் தமிழில் சொன்னார்: "நாளைக்கும் உன்ன அழைச்சாரச் சொல்றா. கூட்டம் நல்லா சேருதாம்."

மத்தியானத் தூக்கம்

அங்கே பன்னிரண்டு மணிக்கு மேல் வெயிலில் காக்கைகூடப் பறக்காது. ஆபீஸ் சன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு குமாஸ்தாக்கள் மேசைமேலேயே தூங்குவார்கள். மாடியில் பெரிய முசே தூங்குவார். மாமாவோடு ஆபீசுக்கு வந்திருந்த எனக்குத்தான் தூக்கம் வராதே! வெளியே போய்ச் சன்னல் இடுக்கில் வாயை வைத்து, முசே மாதிரி இரண்டு முறை கனைத்து, ஆளை அதட்ட அவர் சொல்லும் பிரெஞ்சு வார்த்தையில் "அலோர், அலோர்!" என்றேன்.

ஏழு பேர் எழுந்தார்கள். நாற்காலிகள் விழுந்தன. ஒருவர் தலைகீழாக ஃபைலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தச் சத்தத்தில் நிஜ முசே அரை நிஜாரோடு இறங்கி வந்தார். "யார் கூப்பிட்டது?" மாமா முகத்தில் ரத்தமே இல்லை. வேறு வழியில்லாமல் உள்ளே போய், நான்தான் என்றேன். மறுபடி செய்யச் சொன்னார். செய்தேன், பயத்தில் முசே குரல் ஆட்டுக்குட்டிக் குரலாக வந்தது. அவர் சிரிக்கவில்லை. மாமாவின் லீவு மனுவை எடுத்தார், கையெழுத்துப் போட்டார், நீட்டினார்.

"மூணு மாசம் எடுத்துக்கோ. திரும்பும்போது தனியா வா."

அக்காவுக்குத் தாலி ஏறியபோது தாய்மாமன் பக்கத்தில் நின்றார் என்றால் அதற்குக் காரணம் நான்தான் என்பதை எந்தக் குரலில் சொன்னாலும் எங்கள் வீட்டில் ஒருத்தரும் நம்புவதாக இல்லை.