சாலவாக்கம் கேம்ப் வண்டியில் சார்ஜ் ஏறாத வாரம்

நான் சாலவாக்கம் கேம்பில் வேலைக்குச் சேர்ந்த அன்று, டிரைவர் முனுசாமியின் வேலை போகும் நிலையில் இருந்தது.

கிணறு வெட்ட நீரோட்டம் பார்க்கும் சர்க்கார் கேம்ப் அது. ஏரிக்குக் கீழே ஒரு ஜீப், அதன் பின்னால் கோத்து இழுக்கும் தகரக் கூண்டு வண்டி. கூண்டுக்குள் ஆபீசருக்குக் கட்டில், மேஜை, இரண்டு பல்பு, ஒரு சின்ன ஃபேன். எல்லாம் கூண்டிலுள்ள பேட்டரியில் ஓடும். மாலையில் ஜீப்பைக் கோத்து என்ஜினை ஓட விட்டால், ஜீப்பின் டைனமோ அந்தப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும்.

அந்த வாரம் ஏறவில்லை. பேட்டரியைக் காஞ்சிபுரம் அனுப்பிச் சார்ஜ் போட்டு வந்தார்கள். இரண்டு இரவு எரிந்தது, பிறகு பல்பு சிவந்து அணைந்தது. அதே நாட்களில் மானாம்பதியில் ஒரு கல்யாணம். மைக் செட் பேட்டரியில் பாடியிருக்கிறது. ஆபீசர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்.

"பேட்டரியை மைக் செட்டுக்குக் குடுத்தியா இல்லியா? நாளைக்கு மெட்ராஸுக்கு ரிப்போர்ட் போயிடும். அப்புறம் நான் தடுக்க முடியாது."

"சத்தியமா இல்ல சார். கல்யாண வூட்ல சோறு துன்னேன், அவ்ளோதான்."

"பின்ன வண்டியை என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல சார்."

என் படிப்பு ஐந்தாவதோடு நின்றது. ரைஸ் மில், லாரி ஷெட் என்று சுற்றி, அப்போது உத்திரமேரூரில் ஒரு பேட்டரிக் கடையில் இருந்தேன். அங்கிருந்துதான் ஆபீசர் கூட்டிவந்தார். கூண்டுக்கு அடியில் சாக்கு விரித்துப் படுக்கலாம், இரண்டு வேளை சோறு. முந்தைய இடங்களுக்கு அது தேவலை.

முனுசாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா நைனா, என்னைப் புடிக்க வந்த போலீசா நீ?"

"பேட்டரியப் புடிக்க வந்தேன்ணே."

"அது எங்கியும் ஓடல. இங்கியேதான் செத்துக் கீது."

பேட்டரி ஆசிட்டின் கனம் காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தேன். ஆறு செல்லும் ஒரே அளவாக இறங்கியிருந்தன. ஒரு செல் மட்டும் இறங்கினால் பேட்டரி கோளாறு. எல்லாம் சமமாக இறங்கினால் பேட்டரி பட்டினி. சார்ஜை யாரோ எடுத்திருக்க வேண்டும், அல்லது யாரும் ஊட்டவில்லை.

என்ஜினை ஓட விட்டு, ஜீப்பிலிருந்து கூண்டுக்கு வரும் சார்ஜ் ஒயரில் டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை வைத்தேன். மறுமுனையை ஜீப் பாடியில் தொட்டால் பளிச்சென்று எரிந்தது. கூண்டு பாடியில் தொட்டால் மங்கல். ஒயரில் கரண்ட் வருகிறது. திரும்பிப் போகத்தான் வழியில்லை.

முனுசாமியிடம் பேச்சுக் கொடுத்தேன். "வண்டிய நல்லா வெச்சிருக்கீங்கண்ணே."

அவர் முகம் மலர்ந்தது. "பின்ன? இந்த ஆயுத பூஜைக்கு நானே பெயின்ட் அடிச்சேன். கொக்கிக்கு மட்டும் மூணு கோட்டு! சந்தனம், குங்குமம். பாரு, எப்டி மின்னிக்கினு கீது!"

மின்னத்தான் செய்தது. ஜீப்பின் பின்கொக்கிக்குள்ளும் அதில் மாட்டும் கூண்டின் வளையத்தைச் சுற்றிலும் கறுப்பு எனாமல், அதன்மேல் காய்ந்த சந்தனம். அந்த வண்டியில் ஒயர் ஒன்றுதான். கரண்ட் திரும்புவது கொக்கியும் வளையமும் தொடும் இரும்பு வழியாக. பெயின்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. கூண்டை இழுத்துக்கொண்டு வண்டி ஓடியிருந்தால் உராய்ந்து இரும்பு தெரிந்திருக்கும். பூஜைக்குப் பிறகு கேம்ப் நகரவே இல்லை.

ஆபீசரைக் கூண்டுக்குள், சார்ஜ் ஏறுவதைக் காட்டும் அம்மீட்டர் முன்னால் உட்காரச் சொன்னேன். பெரிய ஸ்பேனர் ஒன்றை ஜீப்பின் அடிச்சட்டமான சேசிஸுக்கும் கூண்டுச் சேசிஸுக்கும் குறுக்கே அழுத்தினேன். பொறி தெறித்தது.

"முள் ஏறுதுப்பா!"

எடுத்தேன். "விழுந்துடுச்சு!"

அவர் இறங்கி வந்து ஸ்பேனரை வாங்கித் தானே ஒருமுறை வைத்துப் பார்த்தார். பிறகு, "முனுசாமி, நான் பேசினதை மனசுல வெச்சுக்காதே. ரிப்போர்ட் போகாது" என்றார்.

முனுசாமிக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. "அப்போ கொக்கியச் சொரண்டணுமா? பூஜை போட்ட வண்டிய்யா! பெரிய பேஜாரா கீதே" என்றார். உள்பக்கம் மட்டும் போதும் என்றேன். அரத்தை என் கையிலிருந்து பிடுங்கி அவரே ராவினார். நான் இரண்டு சேசிஸுக்கும் நடுவே, கரண்ட் திரும்பிப் போக ஒரு தடித்த எர்த் ஒயர் போட்டேன். அதற்குப் பிறகு அந்த வண்டி என்னை அந்தக் கோளாறுக்காகக் கூப்பிட்டதில்லை.

எத்தனையோ ஷெட் மாறினேன். இன்று தொழிலுக்கு வருகிறவர்கள் நல்ல மீட்டர் வைத்திருக்கிறார்கள். மீட்டரை எடுக்கும் முன், வண்டி கடைசியாக நன்றாக ஓடிய நாளுக்குப் பிறகு அதற்கு என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். குற்றம் பிடிக்கிற குரலில் கேட்டால் ஒன்றும் செய்யவில்லை என்பார்கள். வண்டியைப் பற்றிப் பெருமையாகப் பேச விடுங்கள். கோளாறு இருக்கும் இடத்தை அவர்களே காட்டிவிடுவார்கள்.