ஆமினா அம்மாளின் செவ்வாய்க்கிழமைகள்

செய்தியைக் கொண்டுவந்தவன் அவருடைய மகன் காசிம். பிறவியிலேயே காது கேளாதவன், பேச்சும் இல்லை. சைக்கிளைத் தெருவிலேயே போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றான். முக்காட்டை இழுத்துவிடுவதுபோலத் தலைமேல் கையை ஓட்டினான். அவன் பாஷையில் அது அவனுடைய அம்மா. பிறகு உள்ளங்கையால் தன் இரண்டு கண்களையும் மூடிக் காட்டினான். காய்ச்சலா, மயக்கமா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் மகள் கோமதிக்கு உடனே புரிந்துவிட்டது. “அப்பா, ஆமினாம்மா செத்துப்போச்சு” என்றாள். காலையில் கிணற்றடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்பது அவர்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

தென்காசிக் கடைத்தெருவில் ஆமினா அம்மாளை அறியாதவர்கள் குறைவு. வாரம் தவறாமல் அவர் ஏன் ஊரைச் சுற்றினார் என்பதை அறிந்தவர்களும் குறைவு. புருஷன் துபாயில் இருக்க, ஊமைப் பையனையும் வலிப்புக்காரப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஒருத்தி அலைகிறாளே என்று பேசியவர்கள் உண்டு. அவர்களில் சிலர் இதைப் படிக்கலாம். படிக்கட்டும்.

எழுபதுகளின் நடுவில் கோமதிக்கு வகுப்பறையிலேயே இரண்டாவது முறை வலிப்பு வந்தது. மற்றப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள், இனி அனுப்ப வேண்டாம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். நான் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவன். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன், சண்டை போட்டேன். அவரோடு, பள்ளிக் கமிட்டியோடு, எனக்காகப் பேச மறுத்த நண்பர்களோடு. அச்சகம் வைத்திருக்கும் என் சொந்த அண்ணனோடும் அப்போதுதான் பேச்சு நின்றது. “எங்கயாச்சும் விடுதியில கொண்டு விட்டுருலே. வீட்டுல வச்சுக்கிட்டு என்ன செய்யப் போற?” என்று அவர் கேட்டார். அதை நான் மறக்கவில்லை. மறக்கும் உத்தேசமும் இல்லை.

ஆமினா அம்மாளை முதலில் பார்த்தது அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில். காசிமையும் அதே பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளவில்லை. என் புலம்பலை முழுவதும் கேட்டுவிட்டு, “சண்ட போட்டு முடிச்சாச்சா சார், இன்னும் மிச்சம் இருக்கா?” என்றார். இருக்கிறது என்றேன். “அது பாட்டுக்கு இருக்கட்டும். நீங்க முடிச்சிட்டு வாரதுக்குள்ள பிள்ளைய ரெண்டும் வளந்துரும். பாடத்த வீட்டுல வச்சே சொல்லிக் குடுப்போம். செவ்வாக்கிழம மட்டும் எங்கூட வெளிய அனுப்புங்க.”

அப்படித்தான் எங்கள் பள்ளிக்கூடம் தொடங்கியது. எழுத்தும் கணக்கும் என் வீட்டில். செவ்வாய்க்கிழமை ஊர்.

முதலில் போனது ரயில் நிலையம். ஒருமுறை சுற்றிக் காட்டினார்கள். மறுவாரம் போனபோது, “இது என்ன பொருட்காட்சியாம்மா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்குக் கொதித்தது. மேலதிகாரிக்குப் புகார் எழுதுவதாகச் சொன்னேன். ஆமினா அம்மாள் சிரித்தார். “அவங்க சொன்னது சரிதான சார். வேடிக்க பாக்கப் போனா ரெண்டாந் தடவ கதவச் சாத்தத்தான் செய்வாவ. வேல கேட்டுப் போனா, மூணாந் தடவ ‘போன வாரம் ஏன் வரல’ன்னு கேப்பாவ.” அடுத்த செவ்வாயன்று நேரே பார்சல் ஆபீசுக்குப் போய், பிள்ளைகளுக்கு ஏதாவது வேலை இருந்தால் கொடுங்கள் என்றிருக்கிறார். எலுமிச்சை மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை கிடைத்தது. நான் மாதக்கணக்கில் பலகையில் எழுதிப் போட்டும் எழுத்துக் கூட்டாத என் மகள், கொல்லம், செங்கோட்டை, விருதுநகர் என்று அந்தச் சீட்டுகளில் படிக்கக் கற்றாள்.

ஊர் பேசுகிறதே என்று ஒருநாள் கேட்டேன். “பேசுதவங்ககிட்டதான் சார் மொதல்ல போயி வேல கேக்கணும். நம்மளப் பத்தி அவங்களுக்குத்தான எல்லாம் தெரியும்” என்றார். சொன்னபடியே செய்தார். அவரைப் பற்றி மோசமாகப் பேசிய மாவு மில்காரர் கடையில்தான் காசிம் பெல்ட் மாட்டப் பழகினான். இப்போது அங்கேதான் சம்பளத்துக்கு இருக்கிறான்.

ஒரு குற்றாலச் சீசனில் ஐந்தருவிக்கு நானும் கூடப் போயிருந்தேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. அருவிக்குப் போகும் வழியில் ஒரு பழக்கடை அண்ணாச்சியிடம் கேட்டு, கோமதியை மங்குஸ்தான் அடுக்க உட்கார்த்தினார். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு வலிப்பு வந்தது. தட்டு சரிந்தது. குளிக்க வந்த கூட்டம் சுற்றி நின்று பார்த்தது. யாரோ இரும்பைக் கொடு என்றார்கள், யாரோ செருப்பு என்றார்கள். நான் தகப்பன், எனக்குக் கை ஓடவில்லை. ஆமினா அம்மாள் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் தன் கையைக் கொடுத்தார். “காத்து வரட்டும், தள்ளுங்க. இப்பம் நின்னுரும்” என்றார். நின்றது. அவள் தெளிந்து எழுந்ததும் நான் வீட்டுக்குப் புறப்படலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. “ஏட்டி கோமு, பாதிப் பழம் கீழ கெடக்கு. பொறுக்கி அடுக்கு.”

கடைக்காரர் தயங்கித் தயங்கி, “இனிமே இந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வராதீங்கம்மா, யாவாரம் கெடுது” என்றார். “இல்ல அண்ணாச்சி, இனிமேதான் கூட்டிட்டு வரணும். இன்னைக்கு நீங்க பாத்துட்டீய. அடுத்த தடவ பயப்பட மாட்டீயள்லா?” என்றார் ஆமினா அம்மாள். அந்தக் கடையில் கோமதி அதற்குப் பிறகு பல சீசன்கள் பழம் அடுக்கினாள்.

பஸ்ஸில் திரும்பும்போது என்னிடம் சொன்னார்: “பிள்ளையளுக்கு ஊரக் காட்டுதேன்னு நெனைக்கீயளா சார்? ஊருக்குப் பிள்ளையளக் காட்டுதேன்.”

அவர் என் அண்ணனின் அச்சகத்துக்கும் போனார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத் தெரிந்தது. கல்யாணப் பத்திரிகை மடிக்கும் வேலை. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அந்தப் படியை என் மகள் மிதிக்கக் கூடாது என்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. “ஒங்க சண்ட ஒங்க சொத்து சார். பத்திரமா வச்சுக்கிடுங்க. அதுல கோமுவுக்குப் பங்கு வேண்டாம்.” கோமதி தொடர்ந்து போனாள். நான் தெரியாததுபோல இருந்துகொண்டேன்.

அடக்கத்தன்று எனக்கு முன்னால் நின்று மண் போட்டவர் அந்தத் தலைமையாசிரியர். “அருமையான அம்மா” என்று என்னிடமே சொன்னார். எனக்கு அந்தக் கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட வேண்டும் என்றுதான் தோன்றியது.

அதற்கடுத்த செவ்வாயன்று கோமதி தலைவாரிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். மதியம்வரை எழவில்லை. இப்போது அவள் வளர்ந்த பெண். ஆமினா அம்மாள் இறந்துபோனது அவளுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமையை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அன்று முழுவதும் எண்ணிப் பார்த்தேன். இந்த ஊரில் நான் போய் நின்று, என் மகளுக்காக ஒரு வார்த்தை கேட்கக்கூடிய கதவு ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லோரையும் நான் பகைத்திருந்தேன். அத்தனை கதவுகளையும் ஒரே ஒரு பெண்மணி தன் கையால் பிடித்துத் திறந்து வைத்திருந்தார். அந்தக் கை போய்விட்டது.

மறு செவ்வாய் கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவளை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். பார்சல் ஆபீசில் புதிதாக வந்த குமாஸ்தா, “அந்தம்மா இல்லாம யாரு சார் பொறுப்பு?” என்றார். நான்தான் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கோமதி வெளியே இருந்த மூட்டைகளின் சீட்டுகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டு நின்றாள். இழுத்துக்கொண்டு வந்தேன்.

பிறகு அச்சகம். படியேறவே நேரமாயிற்று. அண்ணன் குனிந்து அச்சுக் கோத்துக்கொண்டிருந்தார். தலை முழுவதும் நரைத்துவிட்டது. ஆமினா அம்மாள் கேட்பதைப்போலவே கேட்டேன். வேறெப்படிக் கேட்பதென்று எனக்குத் தெரியாது. “இவளுக்கு ஏதாவது வேலை இருந்தா குடுங்க.” அவர் என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

“ஏட்டி, போன வாரம் ஏன் வரல?” என்றார்.

அண்ணனை நான் மன்னித்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். அவரும் என்னை மன்னிக்கவில்லை. அவள் உள்ளே பத்திரிகை மடிக்க, நான் வெளியே வெயிலில் நின்றேன்.

ஆமினா அம்மாளிடமிருந்து என்னிடம் தங்கியது அவர் வேலை கேட்ட அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான். பொறுமையோ சிரிப்போ எனக்கு வரவில்லை. அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமைதோறும் படியேறுகிறேன். சில இடங்களில் கொடுக்கிறார்கள்; பல இடங்களில் இல்லை. எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. எனக்கும் என் மனைவிக்கும் பிறகு கேட்க ஆளில்லை.

அவரை அறிந்தவர்களே, உங்களிடம்தான் சொல்கிறேன். கோமதி உங்கள் கடைக்கு வராத செவ்வாய்க்கிழமை ஒன்று வரும். அன்று யாராவது ஒருவர் எங்கள் வீடு தேடி வந்து, ஏன் வரவில்லை என்று கேளுங்கள்.