எதிர் மூலைப் பூ

எங்கள் மாதா கோயில் பீடத்துக்கு முன்னால் விரித்திருந்த கம்பளத்தை எரித்தது நான்தான். ஒரு சனிக்கிழமை, அடக்கப் பூசை முடிந்து எல்லோரும் கல்லறைக்குப் போன பிறகு பீடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தூபக்கலசம் வழியில் தொங்கியது. நகர்த்தி வைக்கலாம் என்று தூக்கியபோது, அணைத்த சாம்பலுக்கடியில் மிஞ்சியிருந்த ஒரு கங்கு விழுந்தது. செருப்பில்லாத காலால் மிதிக்கத் தயங்கிய அந்தக் கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை அளவுக்குப் பொசுங்கிவிட்டது. பூச்சாடியை அதன்மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பங்குத்தந்தை சாடியை நகர்த்திப் பார்த்துவிட்டார். தூபக்கலசம் உபதேசியாரின் பொறுப்பு. மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது எல்லாம் அவர்தான். எல்லோர் முன்னாலும் அவருக்குத் திட்டு விழுந்தது. "நான் அணைச்சுட்டுத்தானுங்க ஃபாதர் போனேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். எனக்கு நாலு பேர் நடுவில் வாய் வராது. பள்ளிக்கூடத்தில் உள்ளேன் ஐயா சொல்லவே எழுந்து நிற்கப் பயந்தவள். ஆனால் அன்று வாய் வராததற்குக் காரணம் கூச்சம் மட்டுமில்லை.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருந்தது. அந்தக் கம்பளத்தைக் கையால் முடிச்சுப் போட்டு நெய்த கம்பெனி ஆட்டையாம்பட்டி போகிற பக்கம் இன்னும் நடக்கிறது, அங்கே சரிசெய்து தருவார்கள் என்று யாரோ சொன்னார்கள். உபதேசியார் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அம்மிணி, நீங்க தையக்காரங்க. நூல் கலர் பாக்கத் தெரியும். கூட வாரீங்களா? என் கண்ணை நம்பி ஒண்ணும் ஆகாதுங்க."

போனேன்.

வெள்ளைக்காரர் காலத்து ஓட்டுக் கொட்டகை அது. ஆள் உயரத்துக்கும் மேலே மரத்தூண் போன்ற தறிகள் சுவரோரம் நின்றன. மூன்று தறிகளில் வேலை நடந்தது. ஒவ்வொன்றின் முன்னாலும் பலகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி நிறங்களைச் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் முடிச்சுப் போட்டு "ஆச்சு" என்றார்கள். வரிசை முடிந்ததும் இரும்புச் சீப்பால் அடித்து இறுக்கினார்கள். அந்தச் சத்தம் நெஞ்சில் விழுந்தது.

எங்கள் கம்பளத்தைப் பார்த்தவள் என் வயதுக்காரி. முகப்பைப் பார்க்கவே இல்லை, பின்பக்கம் திருப்பி விரலால் தடவினாள்.

"நம்ம கொட்டாய்ல போட்டதுதானுங்க. ஆரு இப்பிடிச் சுட்டது? பலகாரமா சுட்டீங்க?"

உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டார். "என் கணக்குலதான் எழுதியிருக்காங்க" என்றார். நான் கூரையைப் பார்த்தேன்.

கருகின முடிச்சுகளை அவள் கத்திரியால் எடுத்தாள். நெடுக்காக ஓடும் பாவு நூல்களில் அறுந்தவற்றைக் கட்டினாள். பிறகுதான் சிக்கல் புரிந்தது. எரிந்த மூலையில் இருந்த பூ எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. வரைபடம் இல்லை. ஆனால் எதிர் மூலையில் அதே பூ முழுசாக இருந்தது. ஒருவர் அங்கே உட்கார்ந்து முடிச்சு முடிச்சாகப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"எனக்குச் சொல்றவ இன்னைக்கு லீவுங்க. நீங்க சொல்லுங்க அம்மிணி."

பத்தடி தள்ளித் தரையில் குந்தினேன். "ரெண்டு சிவப்பு, ஒரு பச்சை..."

"ஏனுங்க, கம்பளத்துக்கா சொல்றீங்க? எனக்குச் சொல்லுங்க!"

மற்ற தறிக்காரிகள் சிரித்தார்கள். இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். அவள் "ஆச்சு" என்றாள். அந்த "ஆச்சு" வந்தால்தான் அடுத்தது சொல்ல முடியும் என்பதால், மெல்ல மெல்ல என் குரல் தானாக ஏறியது. சீப்புச் சத்தத்துக்கு மேலே என் குரல் கேட்டது எனக்கே புதுசாக இருந்தது.

ஏழு வரிசை ஆனதும் அவள் நிறுத்தினாள். இலை உள்பக்கம் சாய வேண்டியது, வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது.

கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஆரு தப்பு?" என்றாள். எல்லாத் தறியும் நின்றது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"கோவமில்லீங்க. இங்க அப்பிடித்தான் கேப்போம். போட்ட என் தப்புன்னா ஒரு வரிசை பிரிச்சாப் போதும். சொன்னவங்க தப்புன்னா மொதல்ல இருந்து பிரிக்கோணும். ஆருதுன்னு தெரியாம எங்கிருந்து பிரிக்கறது?"

நான் புத்தகம் படிப்பதுபோல இடமிருந்து வலமாகவே படித்திருக்கிறேன். எதிர் மூலைப் பூ கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறியிருக்கும், அதை ஓரத்திலிருந்து உள்ளே படிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"என் தப்புங்க" என்றேன். "மொதல்ல இருந்தே."

"அவ்வளவுதானுங்க" என்று கத்திரியை எடுத்தாள். தறிகள் மறுபடி ஓடத் தொடங்கின. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏழு வரிசையும் பிரித்து, ஓரத்திலிருந்து சொல்லி, மூன்று மணிக்கு முடித்தோம். புதுச் சிவப்பு கொஞ்சம் பளிச்சென்றுதான் இருந்தது. நாலு பேர் மிதித்தால் அடங்கிவிடும் என்றாள்.

திரும்பும்போது ஆட்டோவில் கம்பளச் சுருள் எங்கள் இருவர் மடியிலும் கிடந்தது. நானாகவே ஆரம்பித்தேன்.

"அண்ணா, அந்தக் கங்கு என் கையிலிருந்து விழுந்துச்சு. பூச்சாடியை வெச்சு மூடினதும் நான்தான்."

அவர் முகம் வெளிப்பக்கம் திரும்பிவிட்டது. அஸ்தம்பட்டி ரவுண்டானா வரைக்கும் அப்படியே வந்தார்.

"எட்டு நாளா எனக்குத் தூக்கமில்லீங்க" என்றார் கடைசியில். "வயசாயிருச்சு, அணைச்சமா இல்லையான்னே மறந்துட்டமோன்னு. வேலையை விட்டுரலாம்னு ஊட்டுல சொல்லிட்டேன்."

அதைக் கேட்க முடியவில்லை. திட்டு மட்டும்தான் அவர் வாங்கினார் என்று நினைத்திருந்தேன்.

"நான் ஃபாதர்கிட்டச் சொல்றேங்க."

"நீங்கதான் சொல்லோணும். நான் சொன்னா நல்லா இருக்காது." கோயில் வாசலில் ஆட்டோ நின்றதும் சுருளின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார். "கொட்டாய்ல சொன்ன மாதிரி சத்தமாச் சொல்லுங்க. அவருக்கு எடது காது மந்தம்."

பங்குத்தந்தை படியில் நின்றிருந்தார். நான் இன்னொரு முனையைத் தூக்கிக்கொண்டு அவருடைய வலப்பக்கமாகப் போய் நின்றேன்.