நான் திணித்த நாவல்கள்

வாசகர் கேட்ட புத்தகத்தை வாயை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பதுதான் நூலகர் வேலையிலேயே கஷ்டமான வேலை. கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு சின்ன நூலகத்தில் இருபத்தாறு வருஷமாக அது கைவராமல் திண்டாடியவள் நான். பழைய பெரிய நாவல்கள் என்றால் எனக்கு உயிர். துப்பறியும் கதை, பேய்க் கதையெல்லாம் இளக்காரம். படித்ததை அடுத்தவர் தலையில் கட்டும் பழக்கம் உங்களுக்கும் இருந்தால், என் அவஸ்தை புரியும்.

மேரியம்மா திருப்பித் தந்தது

ஆரோக்கியமேரி ஓய்வுபெற்ற நர்ஸ். சனிக்கிழமைதோறும் வந்து கொலைக் கதையாகப் பார்த்து இரண்டு எடுப்பார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "எத்தனை நாளைக்கு இதையே படிப்பீங்க? இதைப் படிங்க, அழுதுடுவீங்க" என்று அறுநூறு பக்க நாவல் ஒன்றைக் கையில் திணித்தேன். அதில் ஒரு மருமகள் கிணற்றில் கிடப்பாள். எப்படிச் செத்தாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கதை அது பாட்டுக்கு நகர்ந்துவிடும். அந்த இடத்தை எத்தனை பேரிடம் சிலாகித்திருப்பேன்!

மூன்றாம் நாளே வந்துவிட்டார். கட்டிக்கொடுத்த இடத்தில் தன் மகள் இறந்துபோனதையும், வயிற்றுவலி என்று சொல்லி அவசர அவசரமாக அடக்கம் செய்ததையும் அன்றுதான் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். கொலைக் கதை அலமாரிப் பக்கம் நடந்தபடியே சொன்னார்: "இதுலயாவது செத்தவங்களுக்காக வந்து கேக்க ஒரு ஆள் இருக்காங்கம்மா. அதுக்குத்தான் படிக்கிறேன்."

செல்வராசுவின் ஒரு வாரம்

செல்வராசுவுக்கு இரண்டு ஏக்கர் குறுவை. ஆற்றில் தண்ணீர் வராத வருஷம் அது. மத்தியானம் வந்து ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஒரு மர்ம நாவலை ஒரு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்கொண்டிருந்தார். பாதி தாண்டியிருப்பார்.

"அந்த டாக்டர்தானே கொலைகாரன்? பத்தாம் பக்கத்துலயே தெரிஞ்சிடுமே" என்றேன், என் சாமர்த்தியத்தைக் காட்ட. அவர் முகம் வாடிவிட்டது. புத்தகத்தை மெதுவாக மூடி மேசையில் வைத்தார். "நாத்து காயுது, தண்ணி வருமான்னு தெரியலை. தெரியாம இருந்தும் சந்தோசமா இருந்தது இது ஒண்ணுதாங்க."

நாலு முறை படித்தது

கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் மணிமேகலையிடம், நாலு முறை படித்தது என்று சொல்லி என் உயிருக்குயிரான நாவலைக் கொடுத்தேன். நம் வயல்காட்டுப் பெரிய குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதை. திருப்பித் தரும்போது, "எங்கம்மா இந்த மாதிரி வீட்டு நிலத்துலதான் நடவு நட்டாங்க. இதுல நடவாளு ஒருத்திக்குக்கூடப் பேர் இல்லைக்கா" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. பென்சிலோடு மறுபடி உட்கார்ந்தேன். வீட்டு மாட்டுக்குப் பேர் இருந்தது. நடவு நட்டவர்கள் கடைசிப் பக்கம்வரை 'ஆட்கள்' மட்டும்தான். அடுத்த வாரம், "நீங்க சொன்னது சரிதான்" என்று ஒப்புக்கொண்டேன். அவர் ஜெயித்ததுபோல் சிரிக்கவில்லை. "நாலு வாட்டி படிச்சும் உங்களுக்குத் தோணவே இல்லையாக்கா?" என்றார்.

இப்போதெல்லாம் கேட்டதை மட்டும் பேசாமல் எடுத்துக் கொடுக்கிறேன். வேலை பழகிவிட்டது, ரிட்டையர் ஆக இன்னும் எட்டு மாதம்தான் பாக்கி.