நாலாவது கியர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஓகஸ்ட் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ஓமானில் மஸ்கட்டிலிருந்து தெற்கே சலாலா வரை போகும் பாதையின் நடுவில் இது நடந்தது. ஆயிரம் கிலோமீற்றர் பாதை. அதில் பெரும்பகுதி வெறும் மணலும் சரளைக்கல்லும்தான். ஒதுங்கி நிற்க ஒரு மரம் கிடையாது, பார்த்து ஓட ஒரு வளைவு கூடக் கிடையாது.

அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். எட்டாம் வகுப்போடு படிப்பு போதும் என்று முடிவு செய்தேன். பள்ளிக்கூடமும் மறுப்புச் சொல்லவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். லொறியில் கிளீனராக ஓடினேன். சண்டை மறுபடியும் தொடங்கியபோது லொறியோடு யாழ்ப்பாணத்தில் நின்றேன். பாதை மூடிவிட்டது. இரண்டு வருடம் அங்கேயே இருந்தேன். பெற்றோல் வராத ஊரில் எல்லாரையும் போல நானும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினேன், ஆட்களை ஏற்றி இறக்கிச் சாப்பிட்டேன். பிறகு படகில் கடலேரியைக் கடந்து கொழும்புக்கு வந்தேன்.

கொழும்பில் பெற்றோல் இருந்தது. ஓடத்தான் முடியவில்லை. வெள்ளவத்தை லொட்ஜுகளில் வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்திருந்தவர்களுக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோவது என் வேலை. காலி வீதி முழுக்கச் சோதனைச் சாவடி. ஐசி என்ற அடையாள அட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்க வேண்டும். இறங்கு, ஐசியைக் காட்டு, பெட்டியைத் திற, பார்சலைப் பிரி. யாழ்ப்பாணத்தில் என்ன செய்தாய் என்று ஒவ்வொருவரும் முதலிலிருந்து கேட்பார்கள். சோறு ஆறிவிடும். மூன்றாவது கியருக்கு வருவதற்குள் அடுத்த சாவடி வந்துவிடும். அந்த வண்டியில் நாலாவது கியர் என்று ஒன்று இருந்ததே எனக்கு மறந்துபோயிற்று. ஒருநாள் வண்டியை விற்றுவிட்டு ஓமானுக்குப் போனேன்.

மஸ்கட்டில் ஒரு கராஜில் வேலை. என் அறையில் இருந்தவன் நுகேகொடைக்காரன், சிங்களவன், வயரிங் வேலை செய்பவன். ஊரில் என்றால் நாங்கள் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் கதைத்திருக்க மாட்டோம். அங்கே ஒரே பானையில் சோறு பொங்கினோம். நான் சிங்களம் கதைப்பேன், அவன் உடைந்த தமிழ் கதைப்பான். யார் எந்த மொழியில் தொடங்கினார்கள் என்பது பாதியில் மறந்துபோகும்.

சலாலாவில் ஓகஸ்ட்டில் மழை தூறும், தென்னையும் வாழையும் நிற்கும் என்று ஒரு மலையாளச் சமையல்காரர் அவனிடம் சொல்லிவிட்டார். எங்கள் மேல் மழை விழுந்து இரண்டு வருடமாகியிருந்தது. அதன் பிறகு அவனுக்கு வேறு கதையே இல்லை. "அடோ மச்சான், ஒரு தரம் நனைஞ்சிட்டு வருவோம்" என்று நச்சரித்தான். அந்த நேரம் பார்த்து என் முதலாளிக்கு இரண்டு பழைய நூற்றிருபத்தைந்து சிசி மோட்டார் சைக்கிள்களைச் சலாலாவிலிருந்த தம்பிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. லொறி வேண்டாம், நாங்களே ஓடிக்கொண்டுபோகிறோம் என்றேன். முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஓகஸ்ட்டிலா? பிறகு உங்கள் இரண்டு பேரையும் நான் லொறியில் ஏற்ற வேண்டிவரும்" என்றார். சிரித்து முடித்து வண்டிகளின் திறப்பைத் தந்தார்.

வியாழக்கிழமை விடியப் புறப்பட்டோம். மலைகள் முடிந்ததும் பாதை கயிறு இழுத்ததுபோல நேராகக் கிடந்தது. நாலாவது கியர் போட்டேன். போட்டது போட்டதுதான், மறுபடி மாற்றத் தேவையே வரவில்லை. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? தொண்டை கிழியக் கத்தினேன், காற்று சத்தத்தைப் பின்னால் கொண்டுபோனது. ஆனால் தூரத்தில் எதையாவது கண்டால் என் இடது கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். கிட்டப் போனால் அது ஒரு வெற்றுப் பீப்பாய், அல்லது வெடித்த டயர், அல்லது ஒரு ஒட்டகம்.

தண்ணீருக்கு நின்றபோது அவன் கேட்டான். "என்ன மச்சான், அடிக்கடி நெஞ்சைத் தடவுறாய்? நெஞ்சில ஏதும் வருத்தமா?"

"ஐசி இருக்கா எண்டு பாக்கிறன்."

"ஒட்டகத்துக்குக் காட்டவா?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

பாலைவனம் உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தின்னும். பேக்கரியில் போறணைக் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே ஒரு சூடு, அது நாள் முழுக்க அடித்தது. முதலில் எங்கள் ஊர்ப் பழக்கத்தில் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக் காற்று வாங்கினோம். நெஞ்சுத் தோல் சுருங்கிச் சிவந்த பிறகுதான் அங்கே உடம்பை மூடினால்தான் குளிர் என்பது தெரிந்தது. துவாயை நனைத்துக் கழுத்தில் சுற்றினால் கொஞ்ச நேரத்தில் அட்டைபோலக் காய்ந்துவிடும். உள்ளங்கை கொப்பளித்தது. பெருவிரல்கள் மரத்தன. உதடு வெடித்து, சிரித்தால் இரத்தம் வந்தது. பாதைமேல் நாக்குப்போல நீண்டுகிடந்த மணலில் முன்சக்கரம் வழுக்கி ஒருதரம் விழுந்தேன். முழங்கால் தோலைத் தார் எடுத்துக்கொண்டது. உடுக்கக் கொண்டுவந்த சாரத்தில் ஒரு துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். இதெல்லாம் பெரிய விஷயமில்லை, எதிர்பார்த்து வந்ததுதான்.

எதிர்பார்க்காதது வேர்வை. கடற்கரையில் வளர்ந்தவனுக்கு வெயில் என்றால் வேர்வை. சட்டை நனைந்தால் தண்ணீர் குடிப்போம். அங்கே காற்று வேர்வையை வெளியே வரும்போதே குடித்துவிடுகிறது. சட்டை காய்ந்தே இருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் நுகேகொடைக்காரன் சந்தோஷமாகச் சொன்னான், "வேர்க்கவே இல்லை மச்சான், கொழும்பு வெயிலை விட இது நல்லம்." அவன் போத்தல் நிறைந்தபடியே இருந்தது. எனக்கும் அது உறைக்கவில்லை.

அன்று முழுக்க எதிர்க்காற்று. வண்டிகள் இரண்டும் பெற்றோலை அளவில்லாமல் குடித்தன. மேலதிகமாகக் கொண்டுவந்ததும் முடிந்தது. பகல் பன்னிரண்டு இருக்கும், தூரத்தில் ஒரு பெற்றோல் ஷெட் தெரிந்தது. அப்பாடா என்று நினைத்தபோது எனக்கு முன்னால் போனவனின் வண்டி ஆடியது. இடப்பக்கம் போய், வலப்பக்கம் வந்து, தாரை விட்டு இறங்கிச் சரளையில் மெதுவாகச் சாய்ந்தது. ஓடிப்போய்த் தூக்கினேன். உடம்பு இஸ்திரிப் பெட்டிபோலக் கொதித்தது. ஒரு துளி ஈரமில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து மிக மரியாதையாகக் கேட்டான்: "நூற்றிமுப்பத்தெட்டு வந்திட்டுதா?"

அது நுகேகொடைக்குப் போகும் பஸ்ஸின் இலக்கம். அவனை என் வண்டியில் தாங்கி ஷெட்டுக்குக் கொண்டுபோனேன், பிறகு போய் அவன் வண்டியையும் எடுத்துவந்தேன்.

ஷெட்டில் ஒரு பங்களாதேஷ்காரர் மட்டும் இருந்தார். இருவருமாக அவனை நிழலில் கிடத்தி ஈரச் சாரத்தால் மூடினோம். கொடுத்த தண்ணீரை அவன் வாந்தியெடுத்தான். அடுத்த ஊரில் ஆஸ்பத்திரி இருக்கிறது, தொண்ணூறு கிலோமீற்றர் என்றார் அவர். பெற்றோல் போடுங்கள் என்றேன். அவர் கையை விரித்தார். தொட்டி காலி, பெற்றோல் கொண்டுவரும் பவுசர் நாளைக்குத்தான் வரும். தொலைபேசி இல்லை. வெள்ளிக்கிழமை நடுப்பகலில் அந்தப் பாதையில் ஒரு வாகனமும் இல்லை. இரண்டு வண்டியையும் சரித்து வடித்தால் ஒரு பிளேன்ரீக் கிளாஸ் அளவு பெற்றோல் வந்தது. நுகேகொடைக்காரன் பஸ் வராத கோபத்தில் சிங்களத்தில் யாரையோ ஏசிக்கொண்டிருந்தான். பிறகு ஏசுவதையும் நிறுத்தினான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது மூக்கில் ஏறியது ஆட்டிறைச்சி வாசம். அதற்கு அடியில் எனக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு வாசம். எழும்பிப் போய்ப் பார்த்தேன். பின் அறையில் மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு மண்ணெண்ணெய்க் கான்.

"பாயி, அந்த மண்ணெண்ணெயைத் தாருங்கள், வண்டிக்கு."

நாங்கள் கதைத்தது பாதி ஹிந்தி, பாதி அரபு. அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "உனக்கும் வெயில் ஏறிவிட்டது."

"என் ஊரில் இதில்தான் ஓடினோம். இரண்டு வருடம் ஓடினேன்."

"பாயி, வாரத்தில் ஒருநாள்தான் எனக்கு இறைச்சி. அது இன்னும் வேகவில்லை."

நான் வெளியே கையைக் காட்டினேன். அவர் நிழலில் கிடந்தவனைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். பிறகு அடுப்பை அணைத்தார். கானை மட்டுமல்ல, அடுப்பின் வயிற்றிலிருந்ததையும் கவிழ்த்து ஊற்றித் தந்தார்.

வண்டியின் தாங்கியில் மண்ணெண்ணெய். கையளவு பெற்றோலைச் சின்னப் போத்தலில் நிரப்பி, ஹாண்டிலில் தொங்கவிட்டு, குழாயால் காபரேட்டருக்குக் கொடுத்தேன். பெற்றோலில் கிளப்ப வேண்டும், இயந்திரம் நன்றாகச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கொழும்பில் மறந்ததெல்லாம் கைக்கு ஞாபகமிருந்தது. அந்தோனியாரைக் கூப்பிட்டு உதைத்தேன். கிளம்பியது. அவனை எனக்குப் பின்னால் ஏற்றி, இன்னொரு சாரத்தால் என் முதுகோடு சேர்த்து இறுக்கிக் கட்டினோம். குழாயை மாற்றினேன். வெள்ளைப் புகை அந்த ஷெட்டையே மறைத்தது. புகைக்குள்ளிருந்து பாயி அல்லாஹ்வைக் கூப்பிடுவது கேட்டது.

மண்ணெண்ணெய் வண்டிக்கு ஒரே சட்டம், நிற்க விடக்கூடாது. சூட்டோடு நின்றால் தள்ளிக் கிளப்பலாம், ஆனால் முதுகில் ஒருவனைக் கட்டிக்கொண்டு யார் தள்ளுவது? பெற்றோலும் தீர்ந்துவிட்டது. மூன்றாவது கியரில் இயந்திரத்தின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு போனேன். எதிர்க்காற்று தோளைப் பிய்த்தது. கொப்பளங்கள் உடைந்து ஹாண்டில் பிடி வழுக்கியது. அவன் தலை என் தோளில் கிடந்து ஆடியது. "கதையடா, ஏதாவது கதை" என்று கத்தினேன். அவன் பதிலுக்கு முனகினால் கொஞ்சம் தைரியம் வரும். இயந்திரம் நன்றாகக் கொதித்ததும் நாலாவது போட்டுப் பார்த்தேன். இருமியது, திணறியது. பிறகு பிடித்துக்கொண்டது.

ஊர் தெரியத் தொடங்கியபோது பாதையின் குறுக்கே ஒரு பொலிஸ் ஜீப் நின்றது. ஒரு பொலிஸ்காரர் நடுவில் வந்து கையை உயர்த்தினார்.

கை உயர்ந்தால் நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் போனவர்களுக்குக் கொழும்பில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். என் கால் தானாகப் பிரேக்கில் போய் இருந்தது. இயந்திரம் விக்கியது. முதுகில் அவன் முனகவேயில்லை. காலை எடுத்தேன். கியரைக் குறைத்து, புகையைக் கக்கிக்கொண்டு, அந்தப் பொலிஸ்காரரைச் சுற்றி வட்டமடித்தேன். "மரீத்! முஸ்தஷ்ஃபா!" என்று கத்தினேன். நோயாளி, ஆஸ்பத்திரி, அந்த நேரம் வாயில் வந்த அரபு அவ்வளவுதான். அவர் வாயைப் பிளந்தபடி என்னோடு சேர்ந்து சுற்றினார். மறுபடி ஒரு வட்டம். என் முதுகில் கட்டியிருந்ததைக் கண்டார். பாய்ந்து ஜீப்பில் ஏறினார். சைரனைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார்.

ஒரு சோதனைச் சாவடி எனக்கு வழிகாட்டிக்கொண்டு முன்னால் ஓடியது. இருந்த கடைசித் துளி மண்ணெண்ணெயையும் முறுக்கிக்கொண்டு பின்னால் போனேன். அப்போது நான் அழுதிருக்க வேண்டும், கண்ணில் தண்ணீர் இருந்திருந்தால்.

ஆஸ்பத்திரியில் ஐஸ் வைத்தார்கள், சேலைன் ஏற்றினார்கள். டொக்டர் எங்களை மணந்து பார்த்துவிட்டு, "இவன் மண்ணெண்ணெய் குடித்தானா?" என்று கேட்டார். வண்டிதான் குடித்தது என்றேன். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்றார். வெளியே வந்து பொலிஸ்காரரிடம் என் அட்டையை எடுத்து நீட்டினேன், பழக்க தோஷம். அவர் அதைப் பார்க்கவேயில்லை. திருப்பி என் சட்டைப்பையிலேயே வைத்து, பையை ஒருதரம் தட்டிவிட்டு, ஒரு பெட்டி மோரைக் கையில் திணித்தார்.

மறுநாள் ஒரு பிக்கப்பில் ஷெட்டுக்குத் திரும்பிப் போனேன். ஒரு கான் மண்ணெண்ணெயும் இரண்டு கிலோ இறைச்சியும் கொண்டுபோனேன். பாயி என்னைக் கண்டதும் முதலில், "இருக்கிறானா?" என்று கேட்டார். இருக்கிறான் என்றதும், "அப்படியானால் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ" என்றார். அந்த இறைச்சியை வேகவைத்துச் சாப்பிட்ட பிறகுதான் மற்ற வண்டியை எடுக்க விட்டார்.

டொக்டர் எங்களை லொறியில் போகச் சொன்னார். நுகேகொடைக்காரன் கட்டிலை விட்டு இறங்கி, "மழையைக் காணாமல் நான் போகமாட்டன்" என்றான். மூன்று நாள் படுத்தெழும்பி, போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்து, மிச்சத் தூரத்தையும் ஓடினோம். கடைசியில் ஒரு மலை விளிம்பு வந்தது. அதுவரை மஞ்சளாகக் கிடந்த நிலம் ஒரு திருப்பத்தில் திடீரென்று பச்சையாகியது. பனிமூட்டம். புல். மாடு. கண்ணாடியில் முதல் துளி விழுந்தது, பிறகு கையில், பிறகு வெடித்த உதட்டில்.

அவன் வண்டியை நடுப்பாதையில் நிறுத்தினான். ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்தான். அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டு நின்றான். நானும் நின்றேன். இரண்டு பேரும் எலும்பு வரை நனைந்தோம். பிறகு அவன் என்னைப் பார்த்துச் சொன்னான், "மச்சான், இப்பதான் வந்தது நூற்றிமுப்பத்தெட்டு."

முதலாளியின் தம்பி இரண்டு வண்டியையும் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்று மட்டும் ஏன் இப்படி மணக்கிறது என்று கேட்டார். நாங்கள் சிரித்த சிரிப்புக்கு அவருக்குக் காரணம் விளங்கவில்லை.

நான் ஊர் திரும்பியபோதும் சண்டை முடிந்திருக்கவில்லை. காலி வீதியில் மறுபடியும் பார்சல் கொண்டுபோனேன், இறங்கினேன், ஐசி காட்டினேன், சோறு ஆறியது. மூன்றாவது கியரைத் தாண்ட முடியாத பல வருடங்கள் இன்னும் மிச்சமிருந்தன. ஆனால் நாலாவது எங்கே இருக்கிறது என்று என் காலுக்குத் தெரிந்துவிட்டது, அதை இன்றுவரை எந்தச் சாவடியாலும் மறக்கடிக்க முடியவில்லை.