பெண் அழைப்புக்குப் போன வண்டி

அந்தக் கறுப்பு ஜெர்மன் காரை என் வீட்டுக்காரர் கோயம்புத்தூர் மில் முதலாளி ஒருவரிடமிருந்து பழசாக வாங்கி வந்தார். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து ஆழ்துளைக் கிணறு போடும் தொழிலில் அவர் ஓஹோ என்றிருந்த காலம். இத்தனை பெரிய கார் ஆட்டோமேட்டிக்காகத்தான் இருக்கும் என்று நினைப்பார்கள். அதுதான் இல்லை. கையால்தான் கியர் போட வேண்டும், கிளட்சை மிதித்தால் முழங்கால் கழன்றுவிடும். சர்க்கரையில் அவருக்குக் கண் மங்கியதும் நான் ஓட்டப் பழகினேன். சேலம் ஆஸ்பத்திரிக்குக் கடைசியாகக் கூட்டிப் போனதும் நான்தான்.

அவர் போன பிறகு வண்டிக்கும் எனக்கும் போக்கிடம் இல்லை. பிள்ளை குட்டியும் கிடையாது. காலையில் ஸ்டார்ட் செய்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். "எங்கீங்க கெளம்பிட்டீங்க?" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி. எங்கேயும் இல்லை என்று சொல்ல மானம் இடம் கொடுக்காது. நாமக்கல் வரைக்கும் என்று புளுகிவிட்டு, புளுகிய பாவத்துக்கு நாமக்கல் வரை ஓட்டிவிட்டு வருவேன்.

ரொம்ப நாள் கழித்துத் தம்பி போன் செய்தான். "அக்கா, பாப்பா கல்யாணத்துக்கு நம்ம கார்லதான் பொண்ணைக் கூட்டிட்டுப் போகோணும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவன் மகளைத் தூக்கி வளர்த்தவள் நான். வண்டியை நானே தேய்த்துக் கழுவினேன். நெசவுக்குப் பேர்போன இளம்பிள்ளை ஊருக்கே போய்ப் பட்டுச்சேலைகூட எடுத்தேன். என்னை ஓட்டச் சொல்கிறான் என்றே நினைத்துக்கொண்டேன், பைத்தியக்காரி.

பெண் அழைப்பு அன்று மத்தியானம் தம்பி தினக்கூலிக்குப் பிடித்து அனுப்பிய ஆக்டிங் டிரைவர் ஒருவர் வந்து சாவி கேட்டார். கேட்டைத் தாண்டுவதற்குள் வண்டி குலுங்கிக் குலுங்கி நின்றது.

"ஆட்டோமேட்டிக் ஓட்டியே பழகிப்போச்சுங்கம்மா. இந்தக் கிளட்சு எனக்கு ஒத்து வரலீங்க."

"நவுருங்க" என்றேன். பொய் எதற்கு, உள்ளுக்குள் ஒரே குஷி.

தம்பி வீட்டு வாசலில் நான் ஸ்டியரிங்கில் இருப்பதைப் பார்த்ததும் அவன் முகம் சுண்டிப்போனது. ஆனால் நேரமாகிவிட்டது. பெண்ணோடு பின்னால் ஏறினான். டிரைவர் என் பக்கத்தில். சங்ககிரி வரை வண்டி சொன்ன பேச்சு கேட்டது. கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். என்ன அழகு, என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

மண்டபத்து வாழைமர வளைவு கண்ணுக்குத் தெரிந்ததும் தம்பி என் தோளைத் தொட்டான்.

"அக்கா, இங்கயே ஓரங்கட்டு. மாப்ள ஊட்டுக்காரங்க எல்லாம் வாசல்ல நிப்பாங்க. பொண்ணு எறங்கறப்ப நீ முன்னால இருந்தா... ஒண்ணும் தப்பா நெனைக்காத. இங்கிருந்து டிரைவரே உருட்டிட்டுப் போயிருவாரு. நீ பின்னாடி வாசல் வழியா வந்து சாப்பிட்டுட்டுப் போ."

அடப்பாவி! தாலி அறுத்தவள் இத்தனை தூரம் ஓட்டி வரும்போது வராத அபசகுனம், வளைவுக்கு இந்தப் பக்கம் காத்துக்கொண்டு நின்றதா? நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நல்ல நாளில் வேண்டாம் என்று விழுங்கினேன். பாப்பா பேசுவாள் என்று காத்திருந்தேன். "அத்தை ஓட்டட்டும்பா" என்று ஒரு வார்த்தை. அது போதும், அப்புறம் நானே இறங்கியிருப்பேன். அவளோ தன் கை மருதாணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கினேன். டிரைவர் இடம் மாறி உட்கார்ந்தார். "மெதுவா விடுங்க, கிளட்சு இழுக்கும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, பின்பக்க ஜன்னலில் குனிந்து, "நல்லா இரு சாமி" என்றேன். மண்டபத்திலிருந்து மேளச் சத்தம். அவள் தலையை ஆட்டினாள், கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து, திருச்செங்கோடு பஸ் எங்கே நிற்கும் என்று ஒரு கடைக்காரரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, கல்யாணத்துக்கு வந்துட்டு அதுக்குள்ள கெளம்பிட்டீங்க?" என்றார்.

"இல்லீங்க" என்றேன். "காரைக் கொண்டாந்து விட வந்தேன்."